கையெழுத்துக்காக அலைந்த நத்தை அக்கா

எங்கள் துறையில் அவளை நத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். குளத்து நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு மாரடைப்பில் போய்விட்டார். மாதம் முடிவதற்குள் வேறொரு பேராசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய பிஎச்.டி. பதிவு ரத்தாகிவிடும். அக்கா கதவு கதவாக ஏறி இறங்கினாள். ஒருவர், தன்னிடம் இன்னொரு மாணவருக்கு இடமில்லை என்றார். இன்னொருவர், "நத்தையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று நழுவினார்.

கடைசியில் மீன் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் சம்மதித்தார். துணைக்குப் போன நான் வாசலோரம் நின்றிருந்தேன். பேனாவைத் திறந்தவர் போகிறபோக்கில் கேட்டார்.

"எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற யாரையாவது கேட்டியாம்மா?"

அக்காவுக்குப் பொய் வராது. "எல்லாரையும் கேட்டேன் சார்."

"ஓஹோ! எல்லாரும் வேண்டாம்னு தள்ளினதைக் கட்டிக்கிட்டு அழ நான்தான் கிடைச்சேனா?" பேனாவை மூடிவிட்டார்.

படியிறங்கும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஏன்க்கா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான்டா டீ குடிக்கிறாங்க. நாளைக்கே தெரிஞ்சிடாதா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மாதம் முடிந்ததும் அக்கா ஆய்வகத்தைக் காலி செய்தாள். நத்தைத் தொட்டிகளைக் குளத்துக்குத் தூக்கிப் போனோம். ஒவ்வொரு ஓட்டின் மேலும் அவள் சிவப்பு மையில் எழுதிய எண் இருந்தது. அந்த எண்ணோடு அவை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. இனி அவற்றைப் பிடித்துப் பார்த்து வளர்ச்சியைக் குறித்துக்கொள்ள யாரும் வரப்போவதில்லை.