வால் விட்ட முடிச்சு

கரை விடுமுன் கச்சி முகம்மது, வாவி கடத்தும் தன் ஓடத்தை ஒரு சுற்று வருவார். இரண்டு வள்ளங்களைப் பிணைத்துப் பலகை பரப்பிய மிதவை அது. இந்தப் பக்கத்தார் அதைப் 'பாதை' என்கிறார்கள். மாடு, நெல்மூட்டை, என் தகரப்பெட்டி, எதை யார் கட்டியிருந்தாலும் அவிழ்த்துத் தானே கட்டுவார். கயிற்றின் நுனியை முழுவதும் நுழைக்காமல் மடித்து நுழைப்பது அவர் வழக்கம். மாடு இழுத்தால் முடிச்சு இறுகும்; தொங்கும் வாலை மனிதன் சுண்டி இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

"கட்ட எல்லாருக்கும் ஏலும் வாத்தியார். ஆபத்துக்கு அவுக்க ஏலணும்."

தெருவில் போகும்போதும் கை சும்மா இராது. அயலார் வேலியில் கட்டிய ஆடுகளையும் அவிழ்த்துத் தன் முறைப்படி கட்டிவிட்டுப் போவார். அந்த ஆடுகள் வாலைக் கடித்திழுத்து வெண்டித் தோட்டம் மேயும். வழக்கோடு வருகிறவர்களை முந்திக்கொண்டு அவர் மனைவி சித்தி நபீஸாவே கேட்பாள்: "எங்கட மனிசன் கட்டின ஆடு ஒண்டாவது கட்டின இடத்துல நிண்டிரிக்கா?"

போன ஆடியில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாவியைக் கலக்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் சீனித்தம்பி, கடன்பட்டு வாங்கிய சிவலைக் காளையைப் பாதையில் ஏற்றினார்.

"காக்கா, உன்ட ஆட்டு முடிச்சு என்ட மாட்டுக்கு வேணாம்" என்றார், அண்ணன் முறை வைத்து.

"ஏன், உன்ட மாடும் வெண்டிக்காய் தின்னுமோ?"

கச்சி முகம்மது கட்டிவிட்டுக் கம்பு ஊன்றப் போனார். அவர் முதுகு திரும்பியதும் சீனித்தம்பி தொங்கிய வாலை எடுத்து வளையத்துக்குள் செருகி இறுக்கினார். அதைக் கண்டு எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

நடு வாவியில் காளை மிரண்டு தண்ணீரில் விழுந்தது. கழுத்துக் கயிறு விறைத்து அதன் தலை நீருக்குள் போக, பாதை அந்தப் பக்கம் சரிந்தது. கடல் கடந்து பிழைக்க வந்த எனக்கு நீச்சல் தெரியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்த் தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். கச்சி முகம்மது பாய்ந்து வந்து வாலைத் தேடினார். காணவில்லை.

"ஆருடா இதப் பூட்டின?"

குப்புற விழுந்து, செருகிய நுனியைப் பல்லால் கடித்து வெளியே எடுத்து, இழுத்தார். கயிறு உருவிக்கொண்டது, பாதை நிமிர்ந்தது. காளை செருமியபடி கரையை நோக்கி நீந்தியது. அவர் வாவியில் இரத்தத்தைத் துப்பினார். கூடவே ஒரு முன்பல்லும் போயிற்று.

வாரந்தோறும் அந்தப் பாதையில் போய் வருகிறேன். 'வருகிறேன்' என்று எழுத முடிவது அவரால். சீனித்தம்பி இப்போதெல்லாம் எதையும் கட்டுவதில்லை. கயிற்றை நீட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். சென்ற வாரம் கச்சி முகம்மது கட்டி முடித்தார், பல் போன இடத்தை நாவால் ஒருமுறை தடவினார். தொங்கிய வாலை எடுத்துச் சீனித்தம்பியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுக் கம்பெடுக்கப் போனார்.