அக்கா கைப்பையில் கொண்டுவந்த தொடர்

ஜேர்மனியிலிருந்து அக்கா ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய அன்று சாப்பிடச் சொன்னேன், குளிக்கச் சொன்னேன், கொஞ்ச நேரம் படுக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, பழைய காலுறைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சின்னக் கறுப்புப் பொருளை எடுத்தாள். தொலைக்காட்சியின் பின்பக்கத்தில் செருகினால் இணையத்திலிருந்து படமும் தொடரும் வருமே, அந்த ஸ்டிக்.

"முதல் இதைக் கொழுவிவிடு" என்றாள்.

அத்தான் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகவில்லை. அக்கா தனியாக இருந்து கரைந்து போகிறாள் என்று நாங்கள்தான் நச்சரித்து, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று மாதம் வந்து நிற்கும்படி டிக்கெட் போட்டுக் கொடுத்தோம். வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் தொலைக்காட்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குச் சுட்டது. நான் சட்டென்று கோபப்படுகிறவள். அன்று எப்படியோ வாயை மூடிக்கொண்டு ஸ்டிக்கைச் செருகினேன்.

கணக்குத் திறந்தது. அத்தானின் பெயரும் வந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய தொடரை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்தால், இது உங்கள் நாட்டில் கிடைக்காது என்று ஒரு வரி. அக்கா ஸ்டிக்கைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகினாள். அதே வரி. அப்படியே சோபாவில் இருந்துவிட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அது ஒரு ஜேர்மன் துப்பறியும் தொடர். கடலோரச் சிறு பட்டணம் ஒன்று, அங்கே ஒரு பெண் பொலிஸ் அதிகாரி, ஒரு கொலை. அத்தானுக்கு உணவகச் சமையலறையில் வேலை. லீவு நாளில் இரண்டு பேரும் தேநீரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்களாம். கடைசிப் பகுதியைப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம், விடிய வேலை என்று படுக்கப் போனவர், மறுநாள் வேலையிடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். எவ்வளவு பார்த்தாயிற்று என்று படத்துக்குக் கீழே காட்டுகிற சிவப்புக் கோடு பாதியிலேயே நின்றது. அக்கா மிச்சத்தைப் பார்க்கவுமில்லை, அழிக்கவுமில்லை. ஒவ்வொரு பின்னேரமும் திரையைப் போட்டு அந்தக் கோட்டைப் பார்ப்பாள். பிறகு அணைத்துவிடுவாள்.

ஸ்டிக்கைக் கொண்டுவந்தால் தொடரும் கூட வரும் என்று அவள் நம்பியதில் பிழை சொல்ல முடியாது. பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் நின்றபோது வந்தது. டென்மார்க்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதும் வந்தது. அத்தான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், போன வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லாம் செருகுவாராம். அதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஜேர்மனியில் அகதி வழக்கு நடந்த காலத்தில் அனுமதி இல்லாமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போனதற்காகவே பொலிஸில் பிடிபட்ட மனிதர் அவர். நாடு நாடாகப் போகும் தொடரை ஒருவரும் மறித்துக் கேள்வி கேட்கவில்லை என்றால் சிரிப்பு வராதா?

நான் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். பேசிய பையன் மிக மரியாதையாகப் பேசினான். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொஞ்ச நாள் பயணம் போனால், சந்தா கட்டியவர் வீட்டில் பார்ப்பதையெல்லாம் போன இடத்திலும் பார்க்கலாம், அது அங்கே உள்ள சட்டம், கனடாவில் செல்லாது, இங்கே இந்தத் தொடரைக் காட்ட உரிமை வாங்கவில்லை என்றான். அக்கா பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னாள்: அந்தக் கோடு அங்கே இருக்கிறதா, அழிந்துவிட்டதா? இங்கிருந்து அதைப் பார்க்க முடியாது என்றான் அவன்.

என் கணவர் சமாதானம் சொல்ல வந்தார். இணையத்தில் ஜேர்மனியில் இருப்பதுபோலக் காட்டுகிற வழி இருக்கிறது, நாங்கள் எல்லோருமே ஏஜென்ட் பிடித்துத்தானே வந்தோம், தொடரும் அப்படியே வரட்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"களவா ஒரு நாட்டுக்கு வந்தது எனக்குக் காணும், இனி வேண்டாம்" என்றாள். டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற முடியுமா என்று அடுத்த கேள்வி கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. பொறாமையும் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. கூடப் பிறந்தவள் நான் இங்கே முழுசாக இருக்கிறேன், அவள் ஒரு பாதிக் கோட்டுக்காகத் திரும்பிப் போகப் பார்க்கிறாளே. உன் மகனிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றேன். அவன் ஜேர்மனியில் வேறு நகரத்தில் இருக்கிறான். அக்கா மாட்டேன் என்றாள். அப்பாவின் கணக்கு இனி எதற்கு, நிறுத்திவிடுங்கள் என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தானாம். கோட்டைப் பற்றிச் சொன்னால் தாய்க்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பான் என்று பயந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான பிக்கரிங்கில் எங்கள் தம்பி வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். ஆண்டுத் திவசம் முடியாமல் நல்ல காரியத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா நின்றுகொண்டாள். கணவரை அனுப்பிவிட்டு நானும் அவளோடு வீட்டில் நின்றேன். மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும், நான் ஒன்றும் சொல்லாமலே, அவள் தானாகவே மகனை வீடியோவில் அழைத்தாள். அங்கே மாலை நேரம். அப்பாவின் கணக்கை உன் ரீவியில் திறந்து காட்டு என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

தன் போனைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்தான். வரிசையில் முதலாவதாக அந்தக் கடலோரப் பட்டணம், கீழே பாதிக் கோடு. அக்கா என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. தொடாதே என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் அழுத்திவிட்டான். கடல் இரைந்தது. யாரோ ஜேர்மன் மொழியில் பேசத் தொடங்கினார்கள்.

நான் போனைப் பார்த்து நிறுத்து என்று கத்தப் போனேன். அக்கா தலையை ஆட்டினாள்.

"நிப்பாட்டாதை. ஓடட்டும்."

ஓடியது. கை அசையும்போதெல்லாம் படமும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் போனை எதிலோ சாத்தி வைத்திருக்க வேண்டும், அசைவு நின்றது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்கா மொழிபெயர்க்கவும் இல்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். குடிக்கவில்லை, ஆறிவிட்டது. கடைசியில் யாரையோ விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள், பெயர்கள் ஓடின. பிறகு போன் திரையும் இருண்டது. அழைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தோம்.

அக்கா முகத்தைத் துடைத்தாள்.

"கொலையைச் செய்தது டொக்டர் இல்லையாம், செத்த ஆளின்ரை தம்பிக்காரன்தானாம். டொக்டர்தான் எண்டு இந்த மனிசன் என்னோட எவ்வளவு சண்டை பிடிச்சவர். பிழைச்சுப் போச்செண்டு நான் இனி ஆருக்குச் சொல்லிச் சிரிக்கிறது?"

எனக்குச் சொல்லு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். நான் அந்தத் தொடரைப் பார்த்தவள் இல்லை.

இருண்டு கிடந்த போனிலிருந்து மகனின் குரல் வந்தது.

"அம்மா, அப்பா போனிலை எனக்கும் டொக்டர்தான் எண்டு சொன்னவர்."

அக்கா போனைக் கையில் எடுத்தாள்.

"எப்ப சொன்னவர்?" என்று கேட்டாள்.