நெடுமாறன் தேர்ந்த பலகை

மன்னார்குடிப் பக்கம் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் நெடுமாறனைத்தான் கேட்க வேண்டும். இதுவரை யாருக்கும் வரவில்லை. குளிர்காலம் நான்கு மாதமும் மணாலிக்கு மேலே, கூத்தாநல்லூர் முபாரக்கின் கடையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்தப் பலகைகளை வாடகைக்குக் கொடுப்பது அவன் வேலை. மற்ற மாதங்களில் ஊரில் அடுத்தவர் டிராக்டர் ஓட்டுவான். அப்பா காலம் பண்ணை வேலையோடு போயிற்று. இவன் பனிமலை ஏறிவிட்டான். அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு, மறைக்கவும் மாட்டான்.

அந்த மிதப்புக்குப் போன வருஷம் அடி விழுந்தது. கடைக்கு எந்தப் பலகை வாங்கலாம் என்று முபாரக் கேட்டபோது, இருப்பதிலேயே அகலமானதைக் காட்டினான். சேற்றில் டிராக்டர் புதையாமலிருக்க அகலமான இரும்புக் கேஜ்வீல் மாட்டுகிறோம். பனியும் சேறு மாதிரிதானே என்று நினைத்தான். புதுப்பனி விழுந்த ஒரு மதியம் தானே ஏறியும் பார்த்தான். பலகை சுகமாக மிதந்தது. "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க பாய்" என்றான்.

மறுவாரம் காலையில், இரவெல்லாம் இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்த சரிவில், அந்தப் பலகையோடு போன ஒரு பெண் பிடி கிடைக்காமல் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். முபாரக் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நெடுமாறனுக்கு.

இந்த ஐப்பசியில் முபாரக் போன் செய்தார்.

"இருபது ஜோடி எடுக்கணும், மாறா. காலைல ஐஸ், மதியம் உருகிக் கூழு, திடீர்னு புதுப்பனி, எல்லாத்துக்கும் ஒரே பலகை. சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்குறேன்."

நெடுமாறன் அப்போது தாளடி வயலில் இருந்தான். உழவு முடித்த கூட்டாளி காத்தான், டிராக்டரை ரோட்டில் ஏற்றுவதற்கு முன் வரப்போரம் நிறுத்திக் கேஜ்வீலைக் கழற்றிக்கொண்டிருந்தான். கேஜ்வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் போகும், போலீஸும் பிடிக்கும். ஒத்தாசைக்கு ஸ்பேனரோடு நின்ற நெடுமாறனே நூறு தடவை கழற்றியவன்தான்.

"ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டு என்னடா யோசிக்கிற?" என்றான் காத்தான்.

யோசிக்க என்ன இருக்கிறது? சேறு, ரோடு இரண்டிலும் போக வேண்டிய வண்டிக்குக் கேஜ்வீல் ஆகாது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவனுக்குத்தான் மலை ஏறியதும் மறந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"கால் வைக்கிற எடத்துல தொண்ணூறு மில்லிமீட்டர் அகலம், பாய். நடுத்தரம். புதுப்பனில ரொம்ப மெதக்காது, ஆனா முழுகாது. ஐஸ்ல வெளிம்பு பிடிக்கும்."

"உறுதிதானே?"

உறுதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை கையை விட்டுப் போகாது.

"இல்ல பாய். ரெண்டு ஜோடி மட்டும் வாங்குங்க. விடியக்காலை ஐஸ்ல நான் ஏறிப் பாக்குறேன். நிக்கிதுன்னா மிச்சத்த எடுக்கலாம்."

"சீசன் ஆரம்பிச்சுட்டா சரக்குக் கெடைக்காதுடா."

"கெடைக்கலன்னா பழசுல குறுகலா இருக்கறத வச்சு ஓட்டுவோம். ஏறிப் பாக்காம இனிமே யார் கால்லயும் மாட்டமாட்டேன்."

வேலை போயிற்று என்றே நெடுமாறன் நினைத்தான்.

"சரி, கெளம்பி வா" என்றார் முபாரக். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இதப் போன வருஷமே சொல்லியிருக்கலாமேடா."

நெடுமாறன் அன்றிரவே பெட்டி கட்டினான்.