பல் டாக்டர் ஒளித்துவைத்த மைக்

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் நாடா அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஒலிநாடாக்களைத் துடைப்பது, அறுந்ததை ஒட்டுவது, ஓடுகிற நிலையில் இருப்பதைக் கணினிக்கு மாற்றுவது அவள் வேலை. நிலையத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுக்கு. உள்ளே நுழைந்தாலே கெட்டுப்போன நாடாவின் புளித்த வாடை மூக்கைப் பிடிக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாதது மற்றதெல்லாம்தான். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். மேலதிகாரி கூப்பிடுகிறார் என்று யாராவது சொன்னால் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் அவர் அறைக்குப் போவாள்; அவரோ விசிறி சுற்றவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "உனக்கு பயம்தான் முதல்ல வரும். காரணம் பின்னாடி மெதுவா பஸ் பிடிச்சு வரும்" என்பார்.

இப்படிப்பட்டவள் எப்படி ஜாஸ் இசையின் பின்னால் அலைய ஆரம்பித்தாள் என்றால், அதற்கு விலைவாசி அறிவிப்புதான் காரணம். ஒரு காலத்தில் அமெரிக்க ஜாஸ் குழுக்கள் ஊர் ஊராக வந்து வாசித்துவிட்டுப் போயின. நிலையம் சிலவற்றைப் பதிவு செய்தது. புது நாடா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள் அவை. அதனால் அந்தக் கச்சேரிகளின் மேலேயே காய்கறி விலையையும் வானிலையையும் பதிந்துவிட்டார்கள். ஒருநாள் அவள் வெங்காய விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது அறிவிப்பாளர் முடித்துவிட்டார். நாடா நிற்கவில்லை. அழிபடாமல் தப்பிய வால் துண்டிலிருந்து ஒரு டிரம்பெட் பாதியில் கிளம்பி, பாதியிலேயே அறுந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அதன் முன்பாதி எங்கேயாவது இருக்காதா என்று தேடத் தொடங்கியவள்தான், பிறகு நிறுத்தவில்லை. ஒரு ஹோட்டலின் சாமான் அறையில் ஒரு சுருள் கிடைத்தது. முடிதிருத்துகிறவர் ஒருவரின் பரண்மேல் இன்னொன்று. வெளிநாட்டில் இதைச் சேகரிக்கிறவர்களுக்கு அவள் பெயர் மெல்லத் தெரியவந்தது.

அப்படித்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். அவளுடைய அப்பா சாக்ஸபோன் வாசித்தவர், சமீபத்தில் இறந்துபோனார். ராணுவ ஆட்சி நடந்த காலத்தில் இந்த ஊரில், ரயில்வே தொழிலாளர் மன்றத்தில் வாசித்தாராம். கூட்டம் கூடத் தடை இருந்ததால் கச்சேரி நடுவில் படை உள்ளே புகுந்ததாம். தன் வாழ்நாளிலேயே நன்றாக வாசித்தது அன்றைக்குத்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வானொலி அதைப் பதிவு செய்யவில்லை. ஆனால் ஒரு பல் டாக்டர் மேடைக்கடியில் மைக்கை ஒளித்துவைத்துப் பதிந்தார் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ராணுவம் என்ற சொல்லைக் கேட்டதுமே நாடா அக்கா அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "பார்க்கறேன்" என்று வந்துவிட்டது.

மன்றத்துக்குப் போய் விசாரித்தாள். காவல்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த டாக்டரையா கேக்கறீங்க? அன்னிக்குக் கூட்டிட்டுப் போனதுதான். திரும்பி வரல. அதுக்கப்புறம் இன்னும் நாலஞ்சு பேரப் பிடிச்சாங்க. டாக்டர்தான் அவங்க பேரைச் சொல்லிட்டார்னு ஊர்ல பேச்சு. அதெல்லாம் கிளறாதீங்கம்மா."

அவள் தன் அலுவலக எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே வேகவேகமாக நடந்தாள்.

அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம். எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். முதலில் யாரோ தவறாக அழைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் மூச்சுக்கு நடுவே ஒரு குரல் வந்தது. கரகரத்த குரல், ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அந்த நாடாவத் தேடறது நீதானா?"

"ஆமா" என்றாள் அவள்.

"உன் புருஷன் என்ன வேலை பாக்கறான்?"

"டிப்போல... மெக்கானிக்."

போன் வைக்கப்பட்டது. வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தன் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் காலணிகளை மட்டும் பார்த்தாள். பளபளவென்று இருந்தன. தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, சந்துகளில் சுற்றி, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். பளபளக்கிற காலணி போட்டவனெல்லாம் உளவாளி என்றால் நம் ஊர் மாப்பிள்ளைகள் எல்லாம் உளவாளிதான் என்று கணவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். "விட்டுடு. யாரோ எங்கேயோ கேக்கற பாட்டு. நமக்கென்ன?"

விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் அடுத்த வாரம் அதே குரல், "நாளைக்கு மத்தியானம் நாடா மிஷினோட வா. தனியா வா" என்று சொல்லி ஒரு முகவரியும் கொடுத்தது.

ஏன் போனாள் என்று பிற்பாடு பலர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். போகாமல் இருந்தால் அந்தக் குரல் தன்னைத் தேடி வந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் போனேன் என்பாள். கணவர் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார், பையில் ஒரு பெரிய ஸ்பேனரோடு. "தெருமுனை டீக்கடையில நிக்கறேன். சத்தம் போடு, ஓடி வரேன்." அவருக்கும் முகம் வெளுத்திருந்ததை அவள் கவனித்தாள்.

பழைய மாடிக் கட்டடம். கீழே பூட்டிக் கிடந்த பல் மருத்துவமனை. பெயர்ப்பலகையின் எழுத்துகள் மேல் யாரோ என்றோ தார் பூசியிருந்தார்கள். கண்ணாடிக்குள், சாய்வு நாற்காலி ஒன்று தூசி மூடி, யாரோ வாய்திறந்து படுக்கக் காத்திருப்பதுபோல் கிடந்தது. மாடிப்படி இருட்டு. தோளில் மடிக்கணினிப் பையும் கையில் பெரிய நாடா இயந்திரமுமாக, ஒவ்வொரு படியிலும் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தபடி ஏறினாள்.

கதவு திறந்தது. அவள் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது. மேல் தாழ், நடுத் தாழ், கீழ்த் தாழ், பிறகு சங்கிலி. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"உக்காரும்மா" என்றது கரகரத்த குரல்.

கண்ணைத் திறந்தால், ஒடிந்துவிழுகிற மாதிரி ஒரு வயதான பெண்மணி. பல் டாக்டரின் தங்கை. தட்டச்சு வகுப்பு நடத்தி ஓய்ந்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. தொண்டையில் ஏதோ அறுவை சிகிச்சை நடந்து குரல் இப்படியாகிவிட்டதாம். சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"மன்றத்துக் காவல்காரர் உன் நம்பரக் கொடுத்ததும், உன் புருஷன் போலீஸ்காரனோன்னு பயந்துட்டேன்" என்றார். "மெக்கானிக்னு சொன்னதும்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு."

"நான் உங்களப் பாத்து பயந்துட்டு இருந்தேம்மா."

"என்னைப் பாத்தா?" அந்தம்மாள் அவளை நம்பாத மாதிரி பார்த்தார். என்றைக்கும் யாரும் தன்னைப் பார்த்து பயந்ததில்லை போலும்.

மாவு டப்பாவுக்குள்ளிருந்து சுருள் வந்தது. படை போன பிறகு, களேபரத்தில் மேடைக்கடியிலேயே விட்டுப்போன இயந்திரத்தை யாரோ ஒரு மன்றத்துத் தொழிலாளி எடுத்து ஒளித்து, பிறகு இவரிடம் சேர்த்திருக்கிறார். அது கெட்டுப்போகும்வரை அதிலேயே சுருளைப் போட்டுக் கேட்டிருக்கிறார், கடைசிவரை இல்லை. படை நுழைகிற இடம் வரைதான். அண்ணன் அழுகிற குரல் கேட்டதும் நிறுத்திவிடுவார். எத்தனை வருஷமானாலும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

"அதுக்கப்புறம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவன் மத்தவங்க பேரைச் சொல்லிட்டான்னு ஊரே சொல்லுது. பக்கத்து வீட்லகூட யாரும் என்கூட பேசறதில்ல. அவங்க வீட்டு ஆளையும் பிடிச்சுட்டுப் போனாங்க. நீ முதல்ல கேளு. கேட்டுட்டு, யார் பேராவது இருந்தா என்கிட்ட சொல்லாத. எடுத்துட்டுப் போயிடு."

நாடா அக்கா பருத்தி உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். நாடா காய்ந்த சருகுபோல இருந்தது. ஓடும்போதே பொடிந்துபோனாலும் போகலாம். மடிக்கணினியிலும் பதியும்படி இணைத்துவிட்டு, பதற்றத்தில் ஹெட்போனுக்குப் பதிலாக மைக்கைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தம்மாள் சுட்டிக்காட்டியதும் அதை மாற்றி, ஹெட்போனை மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

முதலில் பலகைகளின் கிறீச்சொலி, காலடிகள், யாரோ இருமுகிற சத்தம். பிறகு சாக்ஸபோன் வந்தது. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்பதுபோல் ஆரம்பித்து, பதிலைச் சொல்லாமல் சுற்றிச்சுற்றி வந்து, எல்லோரும் மறந்திருந்த நேரத்தில் அந்தப் பதிலை மெல்ல வைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரே அந்தம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரிசோதனை முடிவைச் சொல்லப்போகிற மருத்துவரின் முகத்தைப் பார்ப்பதுபோல.

திடீரென்று கதவு உடைகிற சத்தம். சாக்ஸபோன் கீச்சிட்டு நின்றது. பெண்களின் அலறல். நாற்காலிகள் விழுந்தன. பூட்ஸ் சத்தம் அவள் தலைக்குள்ளேயே ஓடியது. அப்போதுதான் நாடா பட்டென்று அறுந்தது.

"என்னாச்சு?" என்று எழுந்துவிட்டார் அந்தம்மாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஒட்டிடலாம்."

அவள் வாழ்நாளில் ஒட்டியதற்குக் கணக்கில்லை. ஆனால் அன்று பிளேடை இரண்டு முறை கீழே வைத்துவிட்டு எடுத்தாள். கண்ணில் நீர் திரண்டு நாடாவின் முனை இரண்டாகத் தெரிந்தது. இப்போதே விட்டுவிடலாம். இதற்கு மேல் நாடா தாங்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், இசை கிடைத்துவிட்டது, கதவைத் திறக்கச் சொல்லிப் போய்விடலாம். யாரும் குறைசொல்லமாட்டார்கள். அப்படி நினைத்துக்கொண்டே அவள் இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி, சேர்த்து, மேலே ஒட்டுத்தாளை வைத்து நகத்தால் தேய்த்தாள்.

மறுபடியும் பூட்ஸ். மைக்குக்கு மிக அருகில் ஒரு முரட்டுக் குரல். "யாருதுடா இந்த மிஷின்?"

பதிலாக ஓர் அழுகை. பெரிய ஆம்பளை ஒருவர் குழந்தைபோலத் தேம்பித் தேம்பி அழுவதை அவள் அதுவரை கேட்டதில்லை. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கிற சத்தம்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.

"என்னுது சார். அடிக்காதீங்க சார். என்னுது."

"கூட யாரு யாரு வந்தது? சொல்லு!"

ஓர் அடி விழுந்தது. நாடா அக்கா தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார். ஐயோ... யாரும் இல்ல. தனியாத்தான் வந்தேன். எனக்கு யாரையும் தெரியாது. தனியாத்தான் சார் வந்தேன்..."

மறுபடி மறுபடி அதையேதான் சொன்னார். இழுத்துக்கொண்டு போகிற சத்தம் தூரமாகிற வரை அதையேதான் சொன்னார். அதன்பின் காலியான மண்டபத்தின் இரைச்சல். நாடா தீர்ந்து சுருள் தனியாகச் சுற்றியது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"பேரு?" என்றார் அந்தம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பேரும் இல்லம்மா. தனியா வந்தேன்னு மட்டும்தான் சொல்றார்."

அந்தம்மாள் சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "தனியா வந்தானா?" என்றார். "நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். என்னைப் பின்கதவு வழியா தள்ளிவிட்டுட்டு உள்ளே திரும்பிப் போனான்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப பயந்தாங்கொள்ளிம்மா அவன். ஊசி போடறவனே ஊசிக்கு பயப்படுவான்."

அந்நேரம் பார்த்து கதவை யாரோ தடதடவென்று தட்டினார்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டார்கள். "ஏய், நல்லாருக்கியா? ரொம்ப நேரமாச்சு!" என்றது கணவரின் குரல். ஸ்பேனரோடு உள்ளே வந்தவர், அழுதுகொண்டே சிரிக்கிற இருவரையும் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார்.

கச்சேரி சாக்ஸபோன்காரரின் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பதிவு செய்தவர் என்று பல் டாக்டரைக் குறிப்பிட்டு, வெளிநாட்டில் அதை வெளியிட்டார்கள். இங்கே நிலைய இயக்குநர், கடைசிப் பகுதி வேண்டாம், எதற்கு வம்பு என்று வெட்டிவிட்டுத்தான் ஒலிபரப்பினார். நாடா அக்காவுக்கு அவரிடம் சண்டை போடத் தைரியம் இல்லை. ஆனால் வெட்டாத பிரதி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் மறுபடி அந்த மாடிப்படி ஏறினாள்.

அந்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தார். அவருடைய அப்பாவும் அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்தான். அவர் வாசலுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றே முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் படியிறங்கிப் போனார். போச்சு, இதுவும் வீண் என்று நாடா அக்கா நினைத்தாள். கீழ்ப்படியிலிருந்து அவர் திரும்பி ஏறிவந்தார்.

"எங்கம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றார், அந்தம்மாளின் முகத்தைப் பார்க்காமல். "அவங்களுக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமா வைக்கணும்."

"கூட்டிட்டு வாப்பா" என்றார் அந்தம்மாள். "எவ்வளவு சத்தமா வேணும்னாலும் வைக்கலாம்."