அகத்தில் இருந்த ராஜா

வலியசாலையில் எங்கள் வீட்டு சுவாமி அறையில் கொஞ்ச காலம் ஒரு வெள்ளைக்கார ராஜா இருந்தார். குருவாயூரப்பன் படத்துக்கு நல்ல மரச்சட்டம் வேண்டுமென்று அப்பா பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது. உள்ளே இருந்தது, தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த கறுப்புப் படம். கம்பி போட்ட ஜன்னல், காலில் சங்கிலியோடு ராஜா, தரையில் கிரீடம். யார், எந்த தேசம் என்று கீழே எழுதியிருந்ததைப் பூச்சி அரித்துவிட்டது.

அப்பா ஆணி பிடுங்க உட்கார்ந்ததும் அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும். இது உக்ரசேன மகாராஜா. கிருஷ்ணனோட தாத்தா. கம்சன் அடைச்சு வெச்சானே, அவர்."

"உக்ரசேனர் பூட்ஸ் போட்டுண்டா இருந்தார்?"

"ஜெயில்ல தரை குளிராதா?"

அப்பா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அன்று முதல் ராஜாவுக்குத் தனி விளக்கு.

அதற்கு முந்தின நாள்தான் அடுத்த வீட்டு போனுக்கு கல்ஃபிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே வேலைக்குப் போன மாமாவின் சினேகிதர், மலையாளி. "அகத்தாணோ? அகத்தாணோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். மலையாளத்தில் ஆள் அகத்து என்றால் ஜெயிலுக்குள். தமிழ் பேசும் எங்கள் தெருவில் அகம் என்றால் வீடு. மாமா வீட்டில் சௌக்கியம் என்று நான் எடுத்துக்கொண்டேன். விசாவில் ஏதோ கோளாறு என்று பின்னால்தான் தெரிந்தது. அம்மா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அத்தை பெண்ணை மாமாவுக்குப் பேசி வைத்திருந்தது. தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். பகவான் கொண்டு வந்து சேர்ப்பான் என்பதில் மட்டும் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள்.

"ஏண்டிம்மா, உன் தம்பிகிட்டேருந்து ஒரு கடுதாசியும் காணோமே. அங்கே ராஜாங்கம் பண்றானோ?"

அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மாமா அகத்துலேயேதான் இருக்காராம் அத்தை. போன்ல சொன்னா."

அம்மா கையில் எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்தது. அத்தையும் எங்கள் தெருக்காரிதான்.

"அதானே பார்த்தேன். ஆத்துல காலை நீட்டிண்டு கிடக்கறவனுக்கு ரெண்டு வரி எழுத என்ன கேடு?"

"வரட்டும் அக்கா, நானே கேக்கறேன்" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு எனக்குப் பாயசத்தில் முந்திரியெல்லாம் வந்தது. ஏனென்று தெரியவில்லை.

மாமா வந்தார், பாதியாக இளைத்து. அவர் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா படத்தை இறக்கி அப்பாவிடம் கொடுத்தாள். "இனிமே குருவாயூரப்பனை வைக்கலாம்." அப்பா ஆணியைப் பிடுங்கிப் படத்தை உருவினார்.

"ராஜா பாவம், எங்கேம்மா போவார்?" என்றேன்.

"அவர் வெளில வந்துட்டார்டி."

பிசைந்த சாதத்தில் மாமாவின் கை அப்படியே நின்றது. சட்டத்திலிருந்து வெளியே வந்ததைத்தான் அம்மா சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். ராஜாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் விரித்து வெயில் காட்டினேன்.