ஏழாவது பெட்டி

லொரெட்டா கட்லிப்புக்கு இருபத்தோரு வருஷமாக ஒரே வேலை, தாள் புரட்டுவது. எங்காவது சுட்டுக் கொன்ற இடத்தில் துப்பாக்கி அகப்பட்டால், அதன் எண் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள அமெரிக்க அரசு அலுவலகத்தில் அவள் மேசைக்கு வரும். மூடிப்போன துப்பாக்கிக் கடைகளின் விற்பனைப் பதிவேடுகள் அங்கே பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கின்றன. எலி கடித்தது பாதி, வெள்ளத்தில் ஊறியது பாதி. எண்ணைத் தட்டினால் வாங்கியவர் பெயரைக் கணினி சொல்லாதா என்று கேட்காதீர்கள். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பட்டியல் போட்டால் அரசாங்கம் வந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்து சட்டமே அதைத் தடுத்து வைத்திருக்கிறது. என்ன கூத்தோ! ஆனால் அந்தச் சட்டம் சரியென்று வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுபவள் லொரெட்டா.

அன்று காலை டென்னசியிலிருந்து ஒரு போலீஸ்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். பெட்ரோல் பங்க் கல்லாவில் நின்ற பெண்ணைச் சுட்டுவிட்டு ஒருவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான்.

“என்னடி, இன்னும் பெட்டிக்குள்ளயே தலைய விட்டுட்டு இருக்க?” என்றாள் பக்கத்து மேசை ரோண்டா.

“ஏழாவது பெட்டி. கடைக்காரன் எழுத்தா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு.”

எண் கிடைத்தது. வாங்கியவர் கைப்பட நிரப்பிய படிவத்தை உருவினாள். ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களின் மேல் தினமும் பார்க்கும் அதே எழுத்து. வெர்னன் கட்லிப். அவள் புருஷன்.

நடைபாதைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“வெர்ன், நம்ம பழைய கைத்துப்பாக்கிய யாருக்கு வித்த?”

“பழைய சாமான் சந்தையில எவனோ வாங்கினான். பேரு கேக்கல. கேக்கணும்னு சட்டமா இருக்கு? பாப்பா தவழ ஆரம்பிச்சப்ப, ‘அது இருக்கிற வீட்ல நான் இருக்க மாட்டேன்’னு நீதானே குதிச்ச? இப்ப எதுக்குக் கேக்குற?”

போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். தாள் நனைந்து அழிந்துவிட்டது என்று சொன்னால் போதும். உண்மையாகவே அழிந்த தாள்களுக்கு நூறு முறை அப்படிச் சொன்னவள்தான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெர்னனை யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள்.

மறுபடி மணி அடித்தது.

“பேரு ஏதாவது கிடைச்சுதாங்க மேடம்?”

“கிடைச்சுது. எழுதிக்கோங்க.”

பெயரைச் சொன்னாள். தன் வீட்டு முகவரியைச் சொன்னாள்.

“அவருக்கப்புறம் யார் கைக்குப் போச்சுன்னு தெரியுமா?”

“தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா அத விக்கச் சொன்னது நான்தாங்க.”