அண்ணியின் இறக்கைக் கண்ணாடி

நகரியில் ரவிக்கைக்கு எப்படிக் கழுத்து வெட்டுவது என்பதை ஏறக்குறைய முப்பது வருடம் என் அண்ணிதான் தீர்மானித்தார். சட்டசபை கூடி முடிவெடுத்திருந்தால்கூட அவ்வளவு பேர் கீழ்ப்படிந்திருக்க மாட்டார்கள். கையைச் சுருக்கம் வைத்துப் புடைக்க விட்டார், ஊரே புடைத்துக்கொண்டு நடந்தது. பொத்தானை முதுகுக்கு மாற்றியபோது அவசர நேரத்தில் திண்டாடியவர்கள் கணவன்மார்கள்தான்.

இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை திருப்பதிக்குப் போகிறேன் என்று கிளம்புவார். பாதி நாள் பெருமாளுக்கு, மீதி நாள் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு. பம்பாய் ரயில் வந்து நின்றதும் ஜன்னல் ஜன்னலாகப் போய் உள்ளே இருக்கும் பெண்களின் கையையும் கழுத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நடப்பார். பழம் விற்கிறவள் என்று நினைத்து ஒரு அம்மாள் டஜன் என்ன விலை என்று கேட்டாளாம். அந்த அம்மாள் மூக்கில்தான் அண்ணி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு, இப்போதே பறந்துவிடும்போல் இருந்ததாம்.

அப்போது ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்டது. நாங்கள் ஆந்திரத்தோடா சென்னையோடா என்பதுதான் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். மாலையானால் எல்லைக் கூட்டங்களில் பேசுகிறவள். பால் திரிந்தால்கூட இவள் எல்லைப் பிரச்சினைதான் காரணம் என்பாள் என்று அண்ணன் கேலி செய்வார். அது முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் அண்ணியின் தையல் கோணிக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. புது மோஸ்தர் போலிருக்கிறது என்று இரண்டு பேர் அதேமாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஒரு கல்யாணப்பெண். அவளுடைய அம்மா ரவிக்கையைத் திண்ணையின் மேல் வீசிவிட்டுக் கடைத்தெரு டெய்லரிடம் போய்விட்டாள். அன்று அண்ணி மெஷினைத் துணி போட்டு மூடினார். நாற்பது வயதில் ஊசிக் காது தெரியவில்லை.

"தைக்கலன்னா இந்த ஊட்ல நான் இன்னாத்துக்கு? சோறு துன்றதுக்கா?" என்றார். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் திருப்பதிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அண்ணியின் மூக்கில் அதே இறக்கைக் கண்ணாடி! தெருவே கூடிவிட்டது. "எனக்கும் ரெண்டு நாளா கண்ணு மங்குது" என்றாள் ஒருத்தி. அன்று காலையில்தான் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அண்ணி பெருமையோடு வாசற்படி இறங்கினார், படியே இல்லாத இடத்தில். கண்ணாடி சோடாபுட்டி கனம். அதைப் போட்டால் ஊசிக் காது என்ன, ஊசியே தெரியவில்லை.

"எப்படி அண்ணி சோதிச்சாங்க?" என்று கேட்டேன்.

"சுவத்துல அட்டைய மாட்டிக்கினு படி படின்னாரு. தெரியலன்னேன். வேற கண்ணாடி போட்டாரு. அப்பவும் தெரியலன்னேன். அவரு கனமா போட்டுக்கினே போனாரு."

"அட்டை எந்த பாஷை?"

அண்ணி விழித்தார். "தெலுங்குதான்" என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு தமிழச்சியின் கண்ணைத் தெலுங்கில் அளந்தால் வேறென்ன ஆகும்? அன்று மாலையே பெரிய அட்டை வாங்கி, மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'அ' போட்டு, வரி வரியாகச் சிறுத்துக்கொண்டே போகும்படி தமிழ் எழுத்துகளை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றியே பேசினேன். நல்ல கைதட்டல். "வாணாம் டீச்சரம்மா, உடு" என்று அண்ணி மூன்று முறை சொன்னார். தங்கமான மனசு, வம்பு வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையைச் சுருட்டிக்கொண்டு அண்ணியோடு திருப்பதிக்குப் போனேன். கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கண்ணாடிக் கடை. வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்ததை நின்றபடியே முழுசாகப் பேசி முடித்தேன். "மஞ்சிதம்மா, நல்லது, மாட்டுங்க" என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவருடைய அட்டைக்குப் பக்கத்தில் என்னுடையதை மாட்டினேன்.

"படிங்க அண்ணி."

அண்ணி அட்டையை விட்டுவிட்டு முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நம்ம எழுத்து அண்ணி, தைரியமா படிங்க."

அண்ணி சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசி பெஞ்சுப் பொண்ணுகூட இதை..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சிருந்தாதான படிக்கறதுக்கு" என்றார் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கடையில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. ஊர்ப்பெண்களின் அளவையெல்லாம் ஆளுக்கொரு நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். டேப்பைவிட முடிச்சுதான் சுத்தம் என்று அவர் சொன்னதை நம்பி, பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையடித்திருக்கிறேன். அவர் காகிதத்தில் ஒரு எண் எழுதி நான் பார்த்ததே இல்லை என்பது அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிக்காக அல்ல.

கடைக்காரர் இரண்டு அட்டைகளையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். உள்ளே போய் ஒரு ஊசியும் கறுப்பு நூலும் கொண்டுவந்து, "இதைக் கோத்துப் பாருங்கம்மா" என்றார்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் கண்ணாடியில் நூல் ஊசியைத் தாண்டிப் போனது. அடுத்ததில் ஓரமாக இடித்தது. நான்காவதில் ஒரே குத்து, உள்ளே போய்விட்டது. அண்ணி சிரிக்கவில்லை. நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். எதிரே குனிந்திருந்த கடைக்காரரின் சட்டையில் ஒற்றை இழையில் ஆடிக்கொண்டிருந்த பொத்தானைப் பிடித்து, மனிதரை நகரவிடாமல் அங்கேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"எத்தினி நாளா இப்டித் தொங்கிக்கினு கீது?"

கடையே சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

அதே இறக்கை ஃபிரேமில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கிட்டத்து வேலைக்கு மட்டும்தான் என்று அவர் சொன்னதை அண்ணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதன் பிறகு நகரியிலிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்கைக் கண்ணாடி கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். நகரி என்று சொன்னாலே கடைக்காரர் ஊசியைத்தான் முதலில் எடுப்பாராம். அட்டையைப் படிக்கத் தெரியாமல் அப்படி ஊசி கோத்தவர்களில் பலர் என் பள்ளிக்கு எதிர்வரிசை வீட்டுக்காரர்கள்.

அன்று திரும்பி வரும்போது, ரயில் ரேணிகுண்டாவை விட்டுக் கிளம்பியதும் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் அண்ணி இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லல?"

அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ எங்கம்மா கேட்ட? தமிழா தெலுங்கான்னுதான் கேட்டுக்கினு இருந்த. எழுத்து தெரியுமா தெரியாதான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

மறுநாள் புத்தூர்க் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது. ரயில் புத்தூரைத் தாண்டி நகரிக்கு வந்து சேரும்வரை அந்தப் பேச்சுக்கு எனக்கு முதல் வரிகூடக் கிடைக்கவில்லை.